க்ளட்ச் என் கையில் இருந்தது

மகனுக்கு,

வழக்கமாகப் போடுகிற 'அன்புள்ள' இந்தக் கடிதத்தில் இல்லை. எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. அன்பு குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. கோபம் முன்னால் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அது நகர்ந்தால்தான் மற்றது வெளியே வரும். நீ உன் அப்பாவைப் பற்றி ஊர் உலகமெல்லாம் படிக்கிற இடத்தில் எழுதினாய். அதனால் நானும் ஊர் உலகம் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். படித்து முடித்ததும் நீ எனக்குப் போன் செய்து, "ஏம்மா இப்படிப் பண்ண, தனியா சொல்லியிருக்கலாமே" என்று கேட்பாய். தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துதான் முப்பது வருடம் போயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை கயல்விழியும் அவள் வீட்டாரும் நம் வீட்டைப் பார்க்க வந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் நீ அவளைக் கொல்லைப்புறக் கொட்டகைக்கு அழைத்துப்போய்க் காரைக் காட்டினாய். முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் இரண்டு சக்கரமும் உள்ள அந்தப் பழைய கார். போன வருடம் நீ மஞ்சள் பெயின்ட் அடிக்கவைத்தது. கல்யாணத்தன்று நீங்கள் இரண்டு பேரும் அதில்தான் மண்டபத்துக்கு வந்து இறங்கப்போகிறீர்கள் என்று அழைப்பிதழில் படமே போட்டாகிவிட்டது. அவள் ஏறி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். குனிந்து கீழே பார்த்தாள். பிறகு கதவருகே நின்றிருந்த என் காலைப் பார்த்தாள். நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதானே அவள் வேலை, கண் அங்கேதான் போகும். "அத்தை, க்ளட்ச்ச இடது கால்லதானே மிதிக்கணும்? உங்களுக்கு இடது கால்லதானே போலியோ? அப்ப நீங்க எப்படி இத ஓட்டுனீங்க?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ பதில் சொன்னாய். போனில் படம் எடுத்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாய்: "அந்தக் காலத்துல அம்மா எப்படியோ சமாளிச்சாங்க."

எப்படியோ! முப்பது வயதாகிறது உனக்கு. இந்த வண்டியின் பக்கத்திலேயே வளர்ந்தவன். வெறுமனே அரை நிமிடம் உட்கார்ந்து பார்த்த பெண்ணுக்குத் தோன்றிய கேள்வி உனக்கு ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. அவள் உன்னை ஒரு பார்வை பார்த்தாளே, அதை நீ படம் எடுக்கவில்லை. நான் பார்த்தேன்.

அந்தப் படங்களோடு நீ போனில் எழுதிப் போட்டதை அன்று சாயங்காலம் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தேன். 'நடக்க முடியாத மனைவிக்காக என் அப்பா தன் இரு கைகளால் உயிர் கொடுத்த கார்.' முதலில் ஒன்று. நான் நடக்கிறவள். இடுப்பு வரை கம்பி வைத்த காலணி போட்டுக்கொண்டு, விந்தி விந்தி, இன்றைக்கும் மார்க்கெட்டுக்கு நடந்து போய்க் கத்தரிக்காய் வாங்கி வருகிறவள். இரண்டாவது. உன் அப்பா அந்த வண்டியில் ஒரு போல்ட்டைக்கூட முடுக்கியது கிடையாது. அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது, பதில் சொல்ல அவரால் வர முடியாது, அதனால் அளந்துதான் சொல்கிறேன். ஒரு சாயங்காலம் கரண்ட் இல்லாதபோது அரை மணி நேரம் டார்ச் பிடித்தார். அதை மறைக்கவில்லை. மற்றது எல்லாம் நான் செய்தது.

உன் தாத்தா கச்சிராயபாளையத்தில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் என்பது உனக்குத் தெரியும். கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மோட்டார் புகைந்துபோனால் சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். கால் இப்படி ஆன பெண்ணை என்ன செய்வது என்று வீட்டில் எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, அவர் என்னைத் தரையில் உட்காரவைத்துச் செம்புக் கம்பியைக் கையில் கொடுத்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அதுதான் எனக்கு விளையாட்டு. பத்தாவது முடிப்பதற்குள் மூன்று குதிரைச் சக்தி மோட்டாரைத் தனியாகப் பிரித்துக் கட்டுவேன். ஆயில் எஞ்சினும் தெரியும். பிறகு ஆசிரியர் பயிற்சியும் படித்தேன். கள்ளக்குறிச்சியில் உரக்கடை வைத்திருந்த உன் அப்பா, ஒன்றும் கேட்காமல் என்னைக் கட்டிக்கொண்டார். ஊரே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. "ஒனக்கு கெடச்ச மாதிரி யாருக்கும்மா கெடைக்கும்" என்று என்னிடம் சொல்லாத பெண் கிடையாது. அந்த வாக்கியத்தை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். என் வாயை அடைத்தது அதுதான்.

அந்தக் கார் எங்கள் டாக்டருடையது. சின்ன வயதிலிருந்து என் காலுக்கு வைத்தியம் பார்த்தவர். பெங்களூர்ப் பக்கம் இந்த மூன்று சக்கரக் காரைக் கொஞ்ச காலம் செய்தார்கள். அவர் ஆசையாக ஒன்று வாங்கிவந்தார். சில வருடம் ஓட்டினார். எஞ்சின் இறுகிப்போய் நின்றதும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தள்ளிவிட்டார். நான் பார்த்தபோது அதற்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உடல் ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் வேலைக்கு ஆணை வந்திருந்தது. கரியாலூருக்கு அந்தப்பக்கம் ஓர் ஓராசிரியர் பள்ளி. மலைக்குப் போகிற பஸ் நாளைக்கு இரண்டு தடவைதான். படி என் இடுப்பு உயரம். முதல் வாரத்திலேயே கண்டக்டர் என்னை மூட்டையைத் தூக்குகிற மாதிரி அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். அவர் மேல் தப்பில்லை, உதவிதான் செய்தார். ஆனால் காலமெல்லாம் அப்படித் தூக்கப்பட நான் தயாராக இல்லை. டாக்டரிடம் போய் அந்தக் காரைக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நீ ஓட்டிக்கினு வந்து என் வாசல்ல நிறுத்து. ஒம் பேருக்கே எழுதிக் கொடுத்துட்றேன்" என்றார். எழுதியும் கொடுத்தார். ஆர்.சி. புத்தகம் பீரோவில் இருக்கிறது. யார் பெயர் இருக்கிறது என்று எடுத்துப் பார்த்திருக்கலாம் நீ.

மாட்டு வண்டியில் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நான் காயில் கட்டுகிற ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் இறக்கினோம். ஒரு பலகையின் அடியில் நான்கு பழைய பேரிங்கைப் பொருத்தி, அதன்மேல் உட்கார்ந்து, கையால் தரையைத் தள்ளிக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவேன். எட்டு மாதம். வாரத்தில் ஐந்து நாள் மலையில், சனியும் ஞாயிறும் அந்தப் பலகையில். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பதினைந்து நாள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டி எடுத்தேன். ஒயரையெல்லாம் எலி தின்றிருந்தது. மேக்னட்டோ காயில் எரிந்துபோயிருந்தது. அதற்கு மாற்று எங்கும் கிடைக்கவில்லை, நானே கட்டினேன். உடம்பு முழுக்க ஃபைபர். முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு விரிசல். கடலூரில் ஃபைபர் படகு செய்கிறவர்களிடம் சொல்லி நாரும் பசையும் வரவழைத்து, ஒவ்வொரு அடுக்காக ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அந்தத் தூள் பட்டுக் கழுத்தெல்லாம் அரிக்கும். உன் அப்பா கடையிலிருந்து வந்தால் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு, "இன்னிக்கி இன்னாத்த கழட்டின?" என்று கேட்டுவிட்டு உள்ளே போவார். தடுக்கவில்லை. அதுவரைக்கும் அவருக்கு அது என்னுடைய பொழுதுபோக்கு.

கை கொடுத்தது பக்கத்து வீட்டு ராஜாமணி அக்கா. இட்லிக் கடை வைத்திருந்தாள், மாவாட்டி மாவாட்டித் தோள் இரண்டும் உருண்டிருக்கும். எஞ்சினைப் பின்பக்கம் தூக்கி மாட்டுகிற அன்று உலக்கையில் கயிறு கட்டி, ஒரு முனை அவள் தோளில், மறுமுனை கட்டி நிறுத்திய சாரத்தின்மேல். "இன்னாடி இது, எரும கன்னாட்டம் கனக்குது! இத்த தூக்கி உள்ள வச்சா வண்டி நவுருமா, இல்ல எங்கூட்டு ஆட்டுக்கல்லு மாரி இங்கியே குந்திக்குமா?" என்று வைதுகொண்டே பிடித்தாள். நான்கு போல்ட்டும் உட்காரும் வரை விடவில்லை. அவளும் இப்போது இல்லை. உன் பதிவின் கீழே, 'இல்லப்பா, அவ செஞ்சா, நான் பாத்தேன்' என்று எழுத ஒரு ஆள் இல்லாமல் போய்விட்டது.

இப்போது கயல்விழியின் கேள்விக்கு வருகிறேன். இடது காலால் மிதிக்கிற க்ளட்ச் எனக்கு ஆகாது. மூன்று வாரம் அதையே யோசித்தேன். ஒரு பழைய ஸ்கூட்டரின் க்ளட்ச் பிடியைக் கழற்றி, கியர் கம்பியின் தலையிலேயே பொருத்தி, அங்கிருந்து ஒயரை இருக்கைக்கு அடியில் கொண்டுபோய் எஞ்சினோடு சேர்த்தேன். இடது கையால் பிடியை அமுக்கி அதே கையால் கியர் மாற்றலாம். ஒயர் வளைகிற இடத்தில் முதலில் அறுந்து அறுந்து போயிற்று. சைக்கிள் கடையில் சின்னதாக ஒரு கப்பி வாங்கி அந்த வளைவில் வைத்தேன், நின்றது. யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் நான் முழுசாக யோசித்து முழுசாகச் செய்த ஒரு பொருள் உண்டென்றால் அந்தப் பிடிதான். லைசென்ஸ் வாங்கப் போனபோது, இன்ஸ்பெக்டர் இறங்கி வந்து அதை நாலு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு, "யாரும்மா செஞ்சது?" என்றார். "நான்தாங்க" என்றேன். அப்படிச் சொன்ன கடைசி நாளும் அதுதான்.

ஓட்டினேன். திங்கட்கிழமை காலையில் கிளம்பினால் கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி, மலை ஏறுவேன். ஏற்றத்தில் எஞ்சின் சூடாகிவிடும். மூன்றாவது கொண்டைஊசி வளைவில் நிறுத்தி, அது ஆறும் வரை உட்கார்ந்திருப்பேன். அந்தக் கால் மணி நேரம் எனக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா? யாரும் என்னைத் தூக்கவில்லை, யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை, யாருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த வருடம்தான் போராட்டம் பெரிதாக வந்தது. படிப்பிலும் வேலையிலும் நம் சாதிப் பிள்ளைகளுக்குத் தனியாகப் பங்கு வேண்டும் என்று ஒரு வாரம் சாலை மறியல். உன் அப்பா கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் முன்னால் நின்றார். அந்தக் கோரிக்கை நியாயம் என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஒதுக்கீட்டில் வேலை கிடைத்த நானே அதைக் குறை சொன்னால் சோறு இறங்காது. அவர் இரண்டு நாள் முன்பே வீட்டை விட்டுப் போய்விட்டார், எந்த இடத்தில் இருப்பார் என்று தெரியாது. ஆனால் பள்ளிச் சாவி என்னிடம். பிள்ளைகளுக்குப் போடுகிற சத்துணவு அரிசி இருக்கிற அறைச் சாவியும் என்னிடம். மலையில் அறுபது பிள்ளைகள் மதியம் அந்தச் சோற்றை நம்பி வரும். திங்கட்கிழமை காலையில் கிளம்பினேன். கச்சிராயபாளையம் போகும் வழியில் பெரிய புளிய மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். முப்பது நாற்பது பேர் நின்றார்கள்.

ஒரு இளைஞன் வந்து குனிந்து பார்த்தான். "டீச்சர், இன்னிக்கி ஒரு வண்டியும் போவாதுங்க. திரும்பிக்கோங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னான். நான் சாவிக்கொத்தை எடுத்துக் காட்டி, "தம்பி, இது அரிசி ரூமு சாவி. நான் போவலன்னா பசங்க பட்டினி" என்றேன். அவன் சங்கடப்பட்டான். பின்னால் திரும்பி, "அண்ணே, டீச்சரு பசங்க சோத்துக்குன்னு போறாங்களாம். இன்னா பண்றது? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கத்தினான். மரத்தின் அந்தப்பக்கத்திலிருந்து எழுந்தவர் உன் அப்பா. தோளில் துண்டு. என்னைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு சொன்னார்: "தெரியலப்பா. யாரோ நொண்டி டீச்சரு. நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க."

அந்தப் பையன்கள்தான் முடிவு பண்ணினார்கள். ஏழெட்டுப் பேர் சேர்ந்து, நான் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே, வண்டியைத் தூக்கிக் கிளைக்கு மேலாக அந்தப்பக்கம் வைத்தார்கள். "டேய், பஞ்சு மாரி இருக்குடா" என்று ஒருவன் சிரித்தான். இன்னொருவன், "பாத்துப் போங்க டீச்சர், அணகிட்டயும் மரம் கெடக்குது, எங்க பேர சொல்லுங்க" என்றான். பெயர் தெரியாத அந்தப் பிள்ளைகளை இன்றைக்கும் நான் வாழ்த்துகிறேன். உன் அப்பா வேறு பக்கம் பார்த்து நின்றுகொண்டிருந்தார். நான் லீவரை இழுத்து ஸ்டார்ட் செய்து, பிடியை அமுக்கி, கியர் போட்டுப் போனேன்.

கைதாகிக் கொஞ்ச நாள் உள்ளே இருந்துவிட்டு அவர் வீட்டுக்கு வந்தபோது கேட்டேன். "தலைவன் பொண்டாட்டிக்கு மட்டும் வழியான்னு கேக்க மாட்டாங்களா? ஒன்னத் தெரியும்னு சொல்லியிருந்தா அப்புறம் எவன் மறியல்ல நிப்பான்?" என்றார். அதில் நியாயம் இருக்கிறது. தெரியாது என்று சொன்னதை என்னால் புரிந்துகொள்ள முடியும். 'யாரோ டீச்சர்' என்று நிறுத்தியிருக்கலாமே. நடுவில் இருந்த அந்த வார்த்தையை யார் கேட்டார்கள்? அதைக் கேட்டதும் அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். நானும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. என் முதல் தப்பு அது.

நீ கேட்பாய், அப்பா என்னிடம் பிரியமாக இல்லையா என்று. பிரியமாகத்தான் இருந்தார். ஓர் ஆடிப்பெருக்கன்று கோமுகி அணையில் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் என்னை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படி இறங்கினார். பார்த்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லமாட்டேன். பின்னால்தான் புரிந்தது. என்னைத் தூக்கிக்கொண்டு போவது அவருக்குப் பிடிக்கும். நானாகப் போவது பிடிக்காது.

நீ வயிற்றில் இருந்தபோது ஏழாம் மாதம் வரை அந்த வண்டியில்தான் மலைக்குப் போய்வந்தேன். பிரசவத்துக்குத் தாய்வீடு போனேன். உன்னைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாதம் திரும்பி வந்தேன். கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். கியர் கம்பியின் தலை மொட்டையாக இருந்தது. கீழே புதிதாக ஒரு க்ளட்ச் பெடல். ஒரு மெக்கானிக்கை அழைத்துவந்து மாற்றியிருக்கிறார்.

"இன்னாங்க இது?" என்றேன்.

"அத்த புடிச்சிக்கினு ஓட்டனா பாக்கறவன்லாம் சிரிக்கிறான். காரு காரு மாரி இருக்கணும்ல" என்றார். "ஒனக்கு இன்னமே மலையெல்லாம் வாணாம். கீழயே மாத்தல் வாங்கிட்டேன். பஸ்ஸு வூட்டாண்டயே நிக்குது. கொழந்தையப் பாரு."

"கழட்டனத எங்க வச்சீங்க?"

"பழைய இரும்புக்காரன் எடுத்துக்கினு போய்ட்டான்."

உன் அப்பா அந்த வண்டிக்குச் செய்த வேலை இதுதான். நான் செய்ததை எடுத்தார். நீ 'உயிர் கொடுத்தார்' என்று எழுதியிருக்கிறாயே, அந்தக் கைகள் செய்தது இது. அன்றிலிருந்து அவர் காரில் கூட்டத்துக்குப் போனார், நான் காலணியை இழுத்துக்கொண்டு பஸ்ஸில் பள்ளிக்குப் போனேன். பணி ஓய்வு பெறும் வரைக்கும் பஸ்தான். நடுரோட்டில் பங்கு கேட்டுப் படுத்த மனிதர், வீட்டில் என் பங்கை என்னைக் கேட்காமல் எடுத்தார்.

நான் என்ன செய்தேன் என்று கேள். இதைச் சொல்லத்தான் எனக்கு அதிக வெட்கம். அன்று அவருக்கு ரசம் வைத்தேன். இன்னொரு பிடி வாங்கி மாட்ட ஒரு மணி நேரம் போதும். சாமான் எல்லாம் என் கொட்டகையிலேயே இருந்தது. கை இருந்தது. முப்பது வருடமாக அந்த ஒரு மணி நேரத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்றும் வாங்காமல் என்னைக் கட்டினவர், ஊர் மெச்சுகிறவர், என் பிள்ளைக்கு அப்பா. எதிர்த்துப் பேசினால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேனோ என்ற பயம். பயத்துக்குப் பொறுமை என்று பெயர் வைத்துக்கொண்டேன். பிறகு ஒரு பத்திரிகைக்காரர் வந்து, "நீங்களே செஞ்சீங்களா சார்?" என்று வியந்தபோது, உன் அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, வண்டிமேல் கை வைத்துப் படத்துக்கு நின்றார். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

அதைவிடப் பெரிய தப்பு உன்னிடம் செய்தது. உனக்கு ஆறு வயது. என்னைப் போல விந்தி நடந்து காட்டிப் பிள்ளைகள் சிரித்தார்கள் என்று பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்தாய். உன்னை எப்படித் தேற்றுவது என்று தெரியவில்லை. கொட்டகைக்கு அழைத்துப்போனேன். "இத யாரும்மா செஞ்சா?" என்று கேட்டாய். "அப்பாதான். அம்மாவுக்காகச் செஞ்சாரு" என்றேன். உன் முகம் மலர்ந்தது. நாளைக்கே போய் எல்லாரிடமும் சொல்வேன் என்றாய். நான் செய்தேன் என்று சொல்லியிருந்தாலும் அதே மாதிரி மலர்ந்திருக்குமே. அது எனக்கு அன்று ஏன் தோன்றவில்லை? உன் அம்மாவைப் பார்த்து நீ பெருமைப்படலாம் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. நீ எழுதிய பொய்க்கு முதல் வரி நான் கொடுத்தது. உன்மேல் வருகிற கோபத்தில் பாதி என்மேல் வருவது. அதற்காக உன் பாதியைக் குறைத்துக்கொள்ளப் போவதில்லை. ஆறு வயதில் நம்பியதை முப்பது வயதிலும் நம்ப, கண்ணை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னும் மூன்று வாரத்தில் உனக்குக் கல்யாணம். கயல்விழி ஏதாவது ஒன்றைச் செய்தால், அது குழம்பாக இருந்தாலும் வேலையில் வாங்கிய பெயராக இருந்தாலும், அவள் செய்தாள் என்று நாலு பேர் நடுவில் வாய்விட்டுச் சொல். அவளிடம் கேட்ட கேள்விக்கு அவள் பதில் சொல்லட்டும், நீ முந்திக்கொள்ளாதே. அவளைத் தெரியுமா என்று எவன் எந்த இடத்தில் கேட்டாலும், உனக்கு எவ்வளவு நஷ்டம் வந்தாலும், தெரியும் என்று சொல். இவ்வளவுதான் நான் கற்றது. அவளுடைய பொருள் எதையும் அவளைக் கேட்காமல் கழற்றாதே.

உன் அப்பாவை வெறுக்கச் சொல்லவில்லை. அவர் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு திருவிழா பார்த்தது நிஜம். உன் காய்ச்சலுக்கு உட்கார்ந்து விழித்தது நிஜம். கடைசி மாதம் படுக்கையில் இருந்தபோது ஒரு நாள் ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்தபடி, "அந்த வண்டி ஒங்கையில நல்லா ஓடுச்சி" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு என்று அதை எடுத்துக்கொள்ளலாமா என்று பல நாள் யோசித்தேன். இல்லை என்றுதான் படுகிறது. சொல்ல வேண்டியதை முப்பது வருடம் முன்னால், அந்தப் புளிய மரத்துக்குப் பக்கத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டும். இருந்தாலும் சொன்னார் என்பதை உனக்குச் சொல்லிவிடுகிறேன். அவர் பங்கை நான் மறைக்கக் கூடாது.

காரை எடுத்துப்போக வருகிற புதன்கிழமை லாரி அனுப்புவதாகச் சொல்லியிருந்தாய். லாரிக்காரரைக் கூப்பிட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வந்தாலும் பயனில்லை. நேற்று எஞ்சினை இறக்கிவிட்டேன். இறக்குவதற்கு மட்டும் எதிர்வீட்டு ஆட்டோக்காரர் வந்து பிடித்தார், பிரித்ததெல்லாம் நான். இப்போது கொட்டகைத் தரையில் கோணி விரித்து வரிசையாக வைத்திருக்கிறேன். சிலிண்டர் வேறு, பிஸ்டன் வேறு, கியர் வேறு. கைக்கு இன்னும் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. முழங்கால்தான் ஒத்துழைக்கவில்லை. ஸ்கூட்டர்க் கடையில் போய்ப் புதுப் பிடி ஒன்றும் ஒயரும் வாங்கி வைத்திருக்கிறேன்.

கல்யாணத்துக்கு அந்தக் காரில்தான் வர வேண்டும் என்றால் லீவு போட்டுவிட்டு வா. நல்ல சட்டை வேண்டாம், கைலி போதும். கயல்விழிக்கு விருப்பம் இருந்தால் அவளையும் அழைத்துவா. அவள் கேள்விக்கு நான் இன்னும் வாயால் பதில் சொல்லவில்லை. தரையில் உட்கார். எந்த போல்ட் எங்கே போகும் என்று நான் சொல்கிறேன், நீ முடுக்கு. கையில் கிரீஸ் ஏறி, நகம் உடைந்து, இடுப்பு ஒடிந்து, வண்டி கிளம்புகிற அன்றைக்கு நீ எழுது, யார் செய்தது என்று.

உன் அம்மா